கொம்பில் ஒரு மூக்கு: ஜப்பான் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: யோகோஹாமா

நிஹோன் ஓதோரி நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்ததும் ஜூன் மாதத்துத் தூறலோடு துறைமுகத்தின் உப்பு வாடையும் முகத்தில் அடித்தது. கடல் எந்தப் பக்கம் என்று வரைபடத்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. காற்றில் வந்த ஒரு வாடையைப் பிடித்துக்கொண்டு திசையை அறிவது நமக்கு இவ்வளவு இயல்பான செயல். ஓர் இயந்திரத்துக்கோ அது இன்றுவரை பெரும்பாடாக இருக்கிறது. அந்தப் பாட்டை இந்த நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சிறிய வெள்ளைப் பூச்சியை வைத்துக் கடக்க முயன்ற தடத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

அந்தப் பூச்சியை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஓசூருக்கு அருகே எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். மல்பெரி இலை நறுக்கும் ஓசையும், நான்காம் தோலுரிப்புக்குப் பிறகு புழுக்கள் இலை தின்னும்போது மழை பெய்வதுபோல் எழும் ஒலியும், சந்திரிகை என்ற மூங்கில் தட்டியில் கூடு கட்டி முடிந்ததும் வீடு அடங்கிப்போவதும் இன்னும் என் காதில் இருக்கின்றன. ஆனால் அந்துப்பூச்சியை நாங்கள் பார்த்தது குறைவு. கூடுகளை அங்காடிக்குக் கொண்டுபோய்விடுவோம். பூச்சி வெளியே வந்துவிட்டால் அந்தக் கூடு துளைபட்டு, நூல் எடுக்கப் பயன்படாமல் போய்விடும். பட்டுத்தொழிலைப் பொறுத்தவரை பூச்சி என்பது முட்டை இடுவதற்கு மட்டுமே வேண்டிய ஒன்று.

யோகோஹாமா துறைமுகம் 1859-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் இந்நாட்டின் ஏற்றுமதியில் கச்சாப்பட்டே முதலிடம் வகித்தது. திறப்பின் நூறாவது ஆண்டான 1959-இல், முன்பு ஜார்டின் மாத்தீசன் என்ற ஆங்கில வணிக நிறுவனம் இருந்த மனையில் இந்தப் பட்டு அருங்காட்சியகத்தை அமைத்தார்கள். நூற்புக் கருவிகளையும் கிமோனோக்களையும் பார்த்துக்கொண்டு நடந்தபோது அந்த ஆண்டு என் மனத்தில் வேறு காரணத்துக்காக ஒட்டிக்கொண்டது. அதே 1959-இல்தான் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டநாண்ட் என்ற வேதியியலாளர், பெண் பட்டுப்பூச்சி ஆணை அழைக்கச் சுரக்கும் மணப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் வேதியமைப்பை வெளியிட்டார். ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பும், சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளும் செலவான அந்த முயற்சியின் முடிவில் கையில் கிடைத்தது சில மில்லிகிராம் பொருள். பட்டுப்பூச்சியின் அறிவியல் பெயரான பொம்பிக்ஸ் மோரி என்பதிலிருந்து அதற்குப் பொம்பிகால் என்று பெயர் வைத்தார். ஓர் உயிரினம் தன் இனத்துக்குச் செய்தி சொல்லச் சுரக்கும் பொருளைப் பெரோமோன் என்பார்கள். உலகில் வேதியமைப்பு அறியப்பட்ட முதல் பெரோமோன் அதுவே. இன்று நம் உழவர்கள் வயலில் கட்டித் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறிகளுக்கெல்லாம் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

எந்த மணம் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் அதை அளந்து கொடுக்கலாம். அளந்து கொடுத்தால் பூச்சி என்ன செய்கிறது என்று துல்லியமாகப் பார்க்கலாம். நாளைக்குப் போகும் இடம் அப்படிப் பார்த்தவர்களின் இடம்.

இரண்டாம் நாள்: கோமாபா

ஷிபுயாவிலிருந்து இனோகஷிரா தடத்தில் இரண்டாவது நிலையத்தில் இறங்கி, குடியிருப்புச் சந்துகள் வழியே நடந்து, தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கோமாபா ஆய்வு வளாகத்தை அடைந்தேன். மணிக்கூண்டு வைத்த பழைய கட்டடம் ஒன்று முதலில் கண்ணில் படுகிறது. இங்கே முன்பு விமானவியல் ஆய்வுக்கழகம் இருந்தது. 1938-இல் தரையிறங்காமல் 11,651 கிலோமீட்டர் சுற்றிப் பறந்து சாதனை படைத்த விமானத்தை வடிவமைத்தவர்கள் இங்கிருந்தவர்களே. காற்றை ஆராய்ந்த வளாகத்தில், காற்றோடு வரும் மணத்தை ஆராய்வோரும் பிற்பாடு வந்து சேர்ந்தது எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது.

ரியோஹெய் கன்சாகி என்ற பேராசிரியரின் பெயர் இந்தத் துறையில் இருப்போர் அனைவருக்கும் தெரியும். பல ஆண்டுகளாக அவர் ஆண் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பு, மூளை, நடை ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தவர். அவரும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனையின் காணொளியைப் பார்த்த நாளிலிருந்துதான் இந்த ஊருக்கு வர வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது. இரண்டு சக்கர வண்டி ஒன்று. அதன் மேல், கீழிருந்து ஊதும் காற்றில் மிதக்கும் இலேசான ஒரு பந்து. பந்தின் மேல் முதுகு மட்டும் பிணைக்கப்பட்ட ஓர் ஆண் பூச்சி. பூச்சி நடந்தால் அதன் காலடியில் பந்து உருளும். கணினிச் சுட்டியில் இருப்பது போன்ற ஒளி உணரி அந்த உருளலைப் படித்துச் சக்கரங்களுக்குச் சொல்லும். ஆக, பூச்சி எந்தப் பக்கம் நடக்க நினைக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி நகரும். காற்றோட்டமுள்ள 1.8 மீட்டர் நீளச் சோதனைத் தடத்தின் மறுமுனையில் பொம்பிகாலை வைத்தபோது, ஓட்டிப் பார்த்த 14 பூச்சிகளும் வண்டியை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

வேடிக்கை காட்டுவதற்காகச் செய்த சோதனை இல்லை இது. வண்டி வேண்டுமென்றே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்படி ஆய்வாளர்கள் அதைக் கோணலாக்கினார்கள்; பூச்சியின் நடைக்கும் சக்கரத்தின் அசைவுக்கும் இடையே தாமதத்தையும் புகுத்தினார்கள். தன் உடம்பே தன் சொல்பேச்சைக் கேட்காத அந்த நிலையிலும் பூச்சி எவ்வளவு தூரம் திருத்திக்கொண்டு இலக்கை அடைகிறது என்பதை அளந்தால், நாளைக்கு நாம் கட்டும் மோப்ப ரோபோவில் எவ்வளவு கோளாறு பொறுக்கத்தக்கது என்பது எண்ணிக்கையாகக் கிடைக்கும் அல்லவா? அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, மோப்பம் பிடிப்பது ஏன் கடினம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மணம் வரும் இடத்தை நெருங்க நெருங்க அது சீராகக் கூடிக்கொண்டே போகும், ஆகவே கூடும் பக்கம் நடந்தால் போதும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஊதுபத்திப் புகையைப் பார்த்தால் அது அப்படி இல்லை என்பது விளங்கும். குச்சியின் நுனியில் ஒரே இழையாக எழும் புகை, ஒரு சாண் உயரம் போவதற்குள் சுருண்டு, பிரிந்து, துண்டு துண்டாக அலைகிறது. மணமும் காற்றில் அப்படியே போகிறது. ஒரு கணம் நிறைய, அடுத்த கணம் ஒன்றுமே இல்லை. அரை அடி தள்ளி வேறோர் இழை. கூடுகிறதா குறைகிறதா என்று அளந்து நடக்கும் இயந்திரம் இதில் திசைகெட்டு நின்றுவிடும்.

பூச்சி அளந்துகொண்டு நிற்பதில்லை. ஓர் இழை கொம்பில் பட்டதும் ஆண் பட்டுப்பூச்சி நேராக முன்னேறுகிறது. இழை அறுந்ததும் இடமும் வலமுமாக வளைந்து நடக்கிறது. அந்த வளைவுகள் படிப்படியாக அகலமாகின்றன. அப்போதும் கிடைக்காவிட்டால் வட்டமடிக்கிறது. இடையில் எந்த நொடியில் மறுபடி மணம் பட்டாலும், அதுவரை செய்ததை அப்படியே விட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து நேர்நடையைத் தொடங்குகிறது. இவ்வளவு எளிய ஒழுங்கு அந்தச் சிதறிய காற்றில் வேலை செய்கிறது. மணம் அடர்ந்த இடத்தில் இழைகள் அடிக்கடி படுவதால் நேர்நடையே மிகுந்து பாதை நேராகிறது. அரிதான இடத்தில் தேடல் அகலமாகிறது. எந்தக் கணக்கும் போடாமலே நடையின் வடிவம் காற்றின் வடிவத்துக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவில் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. மனிதன் வளர்த்து வளர்த்து, பட்டுப்பூச்சி பறக்கும் திறனை இழந்துவிட்டது. ஆனாலும் பெண்ணின் மணம் கிடைத்ததும் ஆண் பூச்சி சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டேதான் நடக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் முட்டை தயாரிக்கும் நிலையத்தில் பெண் பூச்சிகளின் தட்டைத் திறந்ததும் பக்கத்துத் தட்டிலிருந்த ஆண் பூச்சிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் சிறகடித்ததைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். பறக்க வகையற்றதன் தவிப்பு என்று அன்று நினைத்தேன். அந்தச் சிறகடிப்பு முன்பக்கத்துக் காற்றைக் கொம்பின் மயிர்களுக்கு ஊடாக இழுத்துக் கொடுக்கிறது என்பதை, 2000-ஆம் ஆண்டில் கேத்தரின் லௌடன், மிமி கோல் என்னும் இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நாம் மூக்கை உறிஞ்சி முகர்வதற்கு நிகரான செயல் அது. ரோபோவின் உணரிக்கு முன் ஒரு சிறு விசிறியை வைத்தால் திசை தெளிவாகத் தெரிகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாம் நாள்: தோக்கியோ

காலையில் நல்ல மழை. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹோங்கோ, யாயோய் வளாகங்களைக் குடை பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டு, மீதி நேரத்தை ஒரு தேநீர்க் கடையில் படிப்பதிலேயே கழித்தேன்.

மோப்பத்துக்கு நடை பாதி என்றால், கொம்பு மறுபாதி. ஆண் பட்டுப்பூச்சியின் ஒவ்வொரு கொம்பிலும் பொம்பிகாலை உணரும் நுண்மயிர்கள் ஏறத்தாழ 17,000 உள்ளன. மணப்பொருளின் ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலும் நரம்புச் செல்லில் ஒரு துடிப்பு எழக்கூடும் என்பதை ஜெர்மனியில் கைஸ்லிங் போன்றோர் 1970-வாக்கிலேயே காட்டிவிட்டார்கள். இதற்கு எதிரே, நாம் கட்டிய வாயு உணரிகளை வைத்துப் பாருங்கள். நாவோயோஷி தாகுச்சி என்ற ஜப்பானியர் 1962-இல் கண்டுபிடித்த உலோக ஆக்சைடு உணரி, சமையல் வாயுக் கசிவை எச்சரித்து எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதற்கு நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் சூடேற்றிய வெள்ளீய ஆக்சைடில் வாயு பட்டு, மின்தடை மாறி, மறுபடி பழைய நிலைக்குத் திரும்பப் பல நொடிகள் ஆகும். இழை இழையாக வந்து போகும் மணத்தில் இரண்டாவது இழை படும்போது அது முதலாவதிலிருந்தே மீண்டிருக்காது. பூச்சியின் கொம்போ ஒரு நொடிக்குள் பல இழைகளைத் தனித்தனியே பிரித்தறிகிறது.

இந்த வேகத்துக்கான அடிப்படை 2008-இல்தான் தெளிவானது. நம் மூக்கில் மணம் பட்டதும் செல்லுக்குள் ஒரு வேதிச் செய்தி கைமாறி கைமாறிப் போய், கடைசியில்தான் மின்துடிப்பு பிறக்கிறது. பூச்சியின் மண ஏற்பியோ, அதாவது மணப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமோ, தானே ஒரு மின்வாயில். மணப்பொருள் வந்து ஒட்டிய மாத்திரத்தில் வாயில் திறந்து அயனிகள் பாய்கின்றன. இதைக் கண்டவர்களில் இந்தத் தோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசுஷிகே தோஹாராவும் ஒருவர். மின்சாரமாகவே விடை தரும் ஏற்பி என்றால், அதைப் பூச்சியிலிருந்து பிரித்து இயந்திரத்தில் பொருத்துவது எளிதாகிறது. ஷோஜி தாகேயுச்சியும் கன்சாகியும் சேர்ந்த குழு 2010-இல் தவளை முட்டைச் செல்லில் பூச்சிகளின் ஏற்பிகளை வளரச் செய்து, அதைச் சின்னஞ்சிறு உணரியாக்கி, மணம் பட்டதும் தலையசைக்கும் ஒரு பொம்மை ரோபோவில் இணைத்தது. தாகேயுச்சியின் குழுவினரே 2021-இல் கொசுவின் ஏற்பியைச் செயற்கை மென்படலத்தில் பதித்து, மனித மூச்சில் கலந்த ஆக்டெனால் என்ற பொருளை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே கண்டறிந்தார்கள்.

எனக்கு மிக நெருக்கமாகப் பட்ட வேலை வேறு. 2011-இல் கன்சாகியின் குழுவினர் பட்டுப்பூச்சியின் கொம்பில், முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகுப் பூச்சியின் ஏற்பியை மரபணு வழியே வைத்தார்கள். தன் இனத்துப் பெண்ணுக்கு அடிக்கும் அதே சிறகை, அந்த ஆண் பட்டுப்பூச்சி முட்டைக்கோஸ் பூச்சியின் மணத்துக்கும் அடித்துக்கொண்டு தேடி நடந்தது. எங்கள் பக்கத்து முட்டைக்கோஸ் வயல்களில் வைரமுதுகுப் பூச்சி செய்யும் அழிவைப் பார்த்தவனாதலால், அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொம்பில் இருக்கும் ஏற்பியை மட்டும் மாற்றினால் போதும். தேடும் நடை அப்படியே கிடைக்கிறது. வேறு மணங்களுக்கும் இவ்வாறே பூச்சியைத் திருப்பிவிடலாம் என்பதே இதன் பொருள்.

நான்காம் நாள்: தொமியோகா

தகாசாகியில் அதிவேக ரயிலை விட்டிறங்கி, ஜோஷின் தடத்தின் சிறிய ரயிலில் ஏறினால், நெல் வயல்களுக்கு நடுவே ஆடி அசைந்து சுமார் 40 நிமிடத்தில் தொமியோகா வருகிறது. 1872-இல் அரசே தொடங்கி, பால் புருனா என்ற பிரெஞ்சுக்காரரின் துணையோடு நடத்திய பட்டு நூற்பாலை இங்கே இருக்கிறது. 1987 வரை ஓடியது. 2014 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நூற்புக் கூடத்தின் நீளம் 140 மீட்டர்.

நான் அதிக நேரம் நின்றது கூடுகளைச் சேமித்த செங்கல் கிடங்கில். நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்தக் கட்டடத்தின் மேல்தளத்தில், ஓர் ஆண்டுக்கு வேண்டிய கூடுகளை உலர்த்திக் குவித்து வைத்திருந்தார்கள். உலர்த்துவது என்றால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைச் சாகவைப்பது என்று பொருள். எங்கள் தொழிலும் அதுதான், அதை நான் மறைக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் கோடிக்கணக்கான கூடுகள் வந்துபோன இந்தக் கிடங்கில் பூச்சிகள் சிறகு விரிக்காமல் பார்த்துக்கொள்வதே வேலையாக இருந்தது. அந்தக் கூடுகளுக்குள் அடங்கிப்போன கொம்புகளைத்தான் இன்று ஆய்வுக்கூடங்களில் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, இதைப்போல் ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாலையில் மறுபடி தகாசாகிக்கு வந்து, அங்கிருந்து உவேதாவுக்கு ரயில் ஏறினேன்.

ஐந்தாம் நாள்: உவேதா

உவேதா மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். சனதா குலத்தார் கட்டிய கோட்டையைப் பார்க்கத்தான் பலரும் இங்கே வருகிறார்கள். நான் நேராக ஷின்ஷூ பல்கலைக்கழகத்தின் இழையியல் புலத்துக்குப் போனேன். 1910-இல் பட்டுவளர்ப்புக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் இது. 1929-இல் கட்டிய மர மண்டபம் இன்றும் நிற்கிறது. மல்பெரி இலையும் கூடும் பூச்சியும் அதன் அலங்கார வேலைப்பாடுகளில் இருக்கின்றன. பட்டுவளர்ப்புக்காகப் பிறந்த இந்தப் புலத்தில் இப்போது இயந்திரவியலும் ரோபோவியலும் கற்பிக்கிறார்கள். தைகோ தெருத்சுகி என்ற ஆய்வாளர் இங்கிருந்து, சிபா பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, பட்டுப்பூச்சியின் கொம்பைப் பொருத்திய ட்ரோனைப் பற்றி 2025-இல் வெளியிட்ட கட்டுரையே என்னை இந்த ஊருக்கு இழுத்தது.

கொம்பின் இரு முனைகளையும் மின்முனைகளோடு இணைத்தால், மணம் படும்போதெல்லாம் ஒரு சிறு மின்னழுத்த மாற்றம் தெரியும்; ஜெர்மனியின் டீட்ரிஷ் ஷ்னைடர் 1957-இல் பட்டுப்பூச்சியின் கொம்பில் முதன்முதலில் பதிவுசெய்த மாற்றம் அது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெலனி ஆண்டர்சனும் குழுவினரும் 2020-இல் இதே வழியில் புகையிலைப் புழுவின் அந்துப்பூச்சிக் கொம்பை உள்ளங்கை அளவு ட்ரோனில் வைத்துப் பறக்கவிட்டார்கள். பின்புறம் இரண்டு பிளாஸ்டிக் துடுப்புகளை வைத்ததால் அந்த ட்ரோன் எப்போதும் காற்று வரும் திசையையே நோக்கி நின்றது. வெட்டியெடுத்த கொம்பு சுமார் 4 மணி நேரம் உயிர்ப்போடு இருந்தது.

ட்ரோனில் மோப்பம் வைப்பது வண்டியில் வைப்பதைவிடப் பல மடங்கு கடினம், ஏனெனில் ட்ரோனின் சுழல் இறக்கைகளே காற்றைக் கலைத்துவிடுகின்றன. உவேதாக்காரர்கள் இதற்குச் செய்தது மூன்று. கொம்பைத் தாங்கும் மின்முனைகளை மறுபடி வடிவமைத்தார்கள். காற்று தடையின்றிப் புகும்படி புனல் வடிவக் கூடு ஒன்றைக் கட்டி, அதன் உட்புறத்தில் மின்கடத்தும் பூச்சைத் தடவி நிலைமின் இரைச்சலைக் குறைத்தார்கள். மூன்றாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ட்ரோன் ஒரே மூச்சில் சுழலாமல், கொஞ்சம் திரும்பி நின்று, முகர்ந்து, மறுபடி கொஞ்சம் திரும்பும்படி செய்தார்கள். பட்டுப்பூச்சியும் தேடும்போது இடையிடையே நின்றுதான் தேடுகிறது. முன்பு சுமார் 2 மீட்டராக இருந்த மோப்ப எல்லை இதனால் 5 மீட்டர் வரை நீண்டது. இடிபாடுகளுக்குள் சிக்கியவரைத் தேடவும், கசியும் வாயு எங்கிருந்து வருகிறது என்று அறியவும் இது ஒருநாள் பயன்பட வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். நிலநடுக்கத்தோடு வாழும் நாட்டில் இது வெறும் பேச்சாக இருக்க முடியாது.

கொம்பை வெட்டுவது எனக்குச் சம்மதமா என்று கேட்டால், முழுச் சம்மதம் இல்லை என்றே சொல்வேன். புழுவைக் கொன்று நூல் எடுத்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்ல உரிமை உண்டா என்றும் யோசித்தேன். ஆயினும் சில மணி நேரத்தில் செத்துப்போகும் கொம்பைவிட, நேற்று முன்தினம் எழுதிய ஏற்பிப் படலங்களும் செல்களும் கைகூடுவதே நல்லது என்று நினைக்கிறேன். அப்போது கொம்பு பூச்சியிடமே இருக்கும்.

மாலையில், இங்கே இழைகளைப் பற்றிப் படிக்கும் ஈரோட்டுத் தம்பி ஒருவருடைய அறைக்குப் போனேன். வகுப்பில் வளர்த்த கூடுகளில் சிலவற்றை அவர் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். காலையில்தான் பூச்சிகள் வெளியே வந்திருந்தன. "அண்ணா, நீங்க பார்க்கணும்னுதான் ஆணையும் பெண்ணையும் தனித்தனியா வெச்சிருக்கேன்" என்றார். மேசையின் ஒரு கோடியில் பெண்ணையும், இரண்டு முழம் தள்ளி ஆணையும் விட்டோம். அதுவரை கல்போல் இருந்த ஆண் பூச்சி, கொம்பை ஒருமுறை ஆட்டிவிட்டுச் சிறகடிக்கத் தொடங்கியது. நேராக நாலு விரற்கடை வந்தது. நான் பக்கவாட்டில் கைவிசிறியால் மெல்ல வீசினேன். பூச்சி தடுமாறி இடப்புறம் வளைந்தது, வலப்புறம் வளைந்தது, பிறகு இன்னும் அகலமாக வளைந்து, கடைசியில் ஒரு முழு வட்டம் போட்டது.

"விசிறியை நிறுத்துங்க அண்ணா, பாவம், அது தேடட்டும்" என்றார் அவர்.

நிறுத்தினேன். வட்டத்தின் பாதியில் பூச்சி சட்டென்று நின்று, முகத்தைத் திருப்பி, நேராக நடந்தது. இடையில் இருமுறை தவறி, இருமுறையும் வளைந்து தேடி மீண்டது. பெண்ணை அடைய ஏழு நிமிடம் ஆயிற்று என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பெட்டியை எடுத்து இரண்டின் மேலும் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. தோக்கியோவுக்கான கடைசி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால், இருவரும் நிலையம் வரை நடந்தே போனோம்.